தபாலில் வந்த இறையியல்

கிறிஸ்தவத்தின் தொடக்க காலத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக வேலை பார்த்தார்கள்.

ஒருத்தர் தோமா. மூட்டையைக் கட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பிவிட்டார். கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கினார், அப்புறம் மயிலாப்பூர் வரை வந்தார், 72-ல் பரங்கிமலையில் ஈட்டிக் குத்துப்பட்டு இறந்தார் என்கிறது மரபு. அவரை அடக்கம் செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில்தான் இன்று சாந்தோம் பேராலயம் நிற்கிறது. 'இதற்கெல்லாம் ஆதாரம் எங்கே?' என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கட்டும். தோமாவே ஆதாரம் கேட்ட ஆள்தானே! 'காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன்' என்று அடம்பிடித்ததால்தான் அவருக்குச் 'சந்தேகத் தோமா' என்று பெயரே வந்தது.

இன்னொருத்தர் பவுல். அவரும் ஊர் ஊராக அலைந்தவர்தான். ஆனால், போன ஊரிலெல்லாம் உட்கார்ந்து பாடம் நடத்த அவருக்கு நேரம் கிடையாது. நடுநடுவே சிறைவாசம் வேறு. அதனால் லெட்டர் போட்டார். கொரிந்துக்காரர்களுக்கு, ரோமாபுரிக்காரர்களுக்கு, கலாத்தியர்களுக்கு... அவர்கள் சந்தேகம் கேட்டு எழுத, இவர் பதில் எழுத, அதுவே பிற்காலத்தில் வேதமாகிவிட்டது. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 27 நூல்கள். அவற்றில் 21 கடிதங்கள்!

ஆக, கிறிஸ்தவ இறையியல் பெருமளவுக்குத் தபாலில் வளர்ந்த விஷயம். அதைத் தபாலில் படிப்பது என்றால் மட்டும் நமக்கு ஏன் வேடிக்கையாக இருக்கிறது?

'எம்.ஏ. இங்கிலீஷ் கரெஸ்ல பண்றேன்' என்று யாராவது சொன்னால் தலையாட்டுவோம். 'கிறிஸ்தவ இறையியலும் தத்துவமும் தொலைநிலையில் படிக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'பாதிரியார் ஆகப்போறீங்களா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இல்லை என்றால் அடுத்த கேள்வி: 'அப்புறம் எதுக்கு?'

இந்த 'அப்புறம் எதுக்கு?'வுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. கடவுளைப் பற்றிப் படிக்கிற உரிமை யாருக்கு? பிரசங்க மேடையில் நிற்பவருக்கு மட்டுமா, கீழே உட்கார்ந்து கேட்பவருக்கும் உண்டா? அந்தச் சண்டையில் சில முக்கியமான ரவுண்டுகள் நம்ம சென்னையிலேயே நடந்திருக்கின்றன.

• • •

முதலில் ஒரு பழைய தபால் கதை. நான்காம் நூற்றாண்டின் கடைசி. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற ஊரில் அகஸ்டின். மேற்கத்திய கிறிஸ்தவத் தத்துவத்துக்கே அஸ்திவாரம் போட்டவர். பெத்லகேமில் ஜெரோம், பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மகா பண்டிதர். கலாத்தியர் நிருபத்தில் ஒரு இடத்துக்கு ஜெரோம் சொன்ன விளக்கம் அகஸ்டினுக்குப் பிடிக்கவில்லை. 'நீங்கள் சொல்வது சரியில்லை' என்று எழுதி அனுப்பினார்.

முதல் கடிதம் போய்ச் சேரவே இல்லை. இன்னொன்று எழுதினார். அது ஜெரோம் கைக்குப் போவதற்குள் இத்தாலியில் பலர் கைக்குப் போய்விட்டது. 'என்னைத் திட்டி எழுதியதை ஊரெல்லாம் படிக்கிறது. எனக்கு மட்டும் வரவில்லையே!' என்று பெரியவருக்குச் சரியான கோபம். வருஷக்கணக்கில் இழுத்து, ஒருவழியாகச் சமாதானம் ஆனார்கள். கடைசி வரை இரண்டு பேரும் நேரில் சந்தித்ததே இல்லை. இருந்தும் அந்தக் கடிதங்களை இன்று வரை இறையியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

நம்ம ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவைத் தெரியும். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். அவரும் சகபாதிரி குருண்ட்லரும் 1712-லிருந்து இரண்டு மூன்று வருஷம் ஒரு காரியம் செய்தார்கள். தமிழ்ப் பெரியவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் கடவுள் யார்? பாவம் என்றால் என்ன? மறுபிறவி உண்டா? எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பதில்கள் வந்தன. மொத்தம் 99 கடிதங்கள். அவற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்ப, 1714-லிலும் 1717-லிலும் அங்கே அச்சானது. அதாவது, மதம் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் தபால் வழியே தமிழர்களிடம் மதம் படித்தார்கள்! இதில் யார் வாத்தியார், யார் மாணவர்? தூரத்திலிருந்து எழுதும்போது அந்த வித்தியாசம் கொஞ்சம் அழிந்துபோகிறது. எதிரில் அதிகாரம் நின்றால் வாய் தானாக அடங்கும். தாள் மட்டும் இருந்தால் பேனா அடங்காது.

• • •

இப்போது சென்னைக்கு வருவோம்.

1854-ல் சார்லஸ் வுட் என்பவர் லண்டனிலிருந்து இந்தியக் கல்விக்கு ஒரு திட்டம் எழுதி அனுப்பினார். பல்கலைக்கழகங்கள் தொடங்கலாம். ஆனால், பட்டத் தேர்வுகளில் மத நம்பிக்கை சம்பந்தப்பட்ட பாடங்கள் கூடாது என்பது ஏற்பாடு. அந்தத் திட்டத்தின்படி 1857 செப்டம்பர் 5-ம் தேதி சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. ஆண்ட அரசு கிறிஸ்தவ அரசு. கல்லூரிகளில் பலவும் மிஷனரிக் கல்லூரிகள். ஆனாலும் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவத்துக்கு இடமில்லை.

இதனால் ஒரு தமாஷான நிலைமை உருவானது. மிஷனரிக் கல்லூரியில் பைபிள் வகுப்பு கட்டாயம். பல்கலைக்கழகப் பரீட்சையில் அதற்கு மார்க் கிடையாது! மார்க் இல்லாத பாடத்துக்கு மாணவர்கள் என்ன மரியாதை கொடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

அப்படியென்றால், இந்தியாவில் இறையியலுக்கு டிகிரி வாங்க முடியாதா? முடியும். அதற்கு நாம் டென்மார்க் ராஜாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். வங்காளத்தில் செராம்பூர் அப்போது டேனிஷ்காரர்கள் வசம் இருந்தது, நம்ம தரங்கம்பாடி மாதிரியே. அங்கே வில்லியம் கேரி குழுவினர் நடத்திய கல்லூரிக்கு டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827-ல் பட்டம் வழங்கும் உரிமையைக் கொடுத்தார். 1845-ல் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் டேனிஷ்காரர்கள் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டார்கள். ஊர்தான் கைமாறியது, உரிமை அப்படியே இருந்தது. 1918-ல் தனிச் சட்டமும் வந்தது. பிறகு இந்தியா முழுக்கப் பல புராட்டஸ்டன்ட் இறையியல் கல்லூரிகள் செராம்பூரின் குடையின் கீழ்தான் பி.டி. பட்டம் கொடுத்தன.

ஆனால், பெரும்பாலும் அது விடுதியில் தங்கிப் படிக்கிற படிப்பு. சபை உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். வேலையை விட வேண்டும். படித்து முடித்தால் போதகர். கத்தோலிக்கக் குருமடம் இன்னும் கறார். மதிலுக்கு உள்ளே இறையியல். மதிலுக்கு வெளியே ஜெபமாலையும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும். வேலைக்குப் போகிறவர், குடும்பஸ்தர், பெண்கள் எல்லோரும் வெளியே.

• • •

மதிலில் முதல் ஓட்டை போட்டவர்களில் ஒருவர், பிற்பாடு மயிலாப்பூரில் வாழ்ந்த ஒரு இந்து.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசைப்பட்டுத் தத்துவம் எடுக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தர்க்கம், உளவியல், அறவியல் புத்தகங்கள் மூன்றும் அவருக்கு இலவசமாகக் கிடைத்தன. கையில் காசில்லை. புத்தகம் இருக்கிற பாடத்தை எடுத்துக்கொண்டார். அப்படித்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவ மாணவர் ஆனார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, பாரிமுனைப் பக்கம் இருந்தது.

அங்கே அவருக்கு வாத்தியார் ஏ.ஜி. ஹாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சுவாரஸ்யமான மனிதர். இளம் வயதில் மத நம்பிக்கையில் பெரும் சந்தேகங்கள் வந்து, போதகர் படிப்பைப் பாதியில் விட்டவர். குருப்பட்டம் பெறாமலேயே, கல்லூரி ஆசிரியராக 1903-ல் சென்னைக்கு வந்தார். வந்ததும் கர்மா என்ற கருத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கிறிஸ்தவ மீட்புக் கொள்கையோடு வைத்து அலசிக் கட்டுரைகள் எழுதினார். 1909-ல் அது புத்தகமாகவும் வந்தது.

அந்தக் காலத்து மிஷனரிகள் பலருடைய வாதம் இது: வேதாந்தம் உலகத்தையே மாயை என்கிறது, மாயையில் நல்லது என்ன, கெட்டது என்ன? ஆகவே இந்துத் தத்துவத்தில் அறத்துக்கு இடமில்லை. ராதாகிருஷ்ணனுக்கு இது முள்ளாகக் குத்தியது. எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அதையே தலைப்பாக எடுத்தார்: வேதாந்தத்தின் அறவியல். வருஷம் 1908. வயது இருபது. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டு, கிறிஸ்தவ வாத்தியாருக்கு எதிர்ப்பேச்சு!

மார்க் போகும் என்று பையன் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் ஹாக் அதைப் படித்துவிட்டு, பையனுக்குச் சிக்கலான வாதத்தைக் கையாளும் திறமை இருக்கிறது என்று பாராட்டி நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். கிறிஸ்தவர்கள் விடுத்த சவால்தான் என்னை என் மதத்தைப் படிக்க வைத்தது என்று ராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் பின்னாளில் ஜனாதிபதியாகி, ஓய்வு பெற்று வந்து, 1975-ல் மறையும் வரை வாழ்ந்த 'கிரிஜா' இல்லம் இருக்கும் தெருதான் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மதத்தைப் பரீட்சைத்தாளிலிருந்து தூக்கிவிட்டார்கள். அது தத்துவம் என்ற பெயரில் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. முதுகலை அளவில் 'கிறிஸ்தவத் தத்துவம்' என்பதன் நிஜமான அர்த்தமும் இதுதான். நம்புகிறவர், நம்பாதவர், வேறு மதத்தவர் யாராக இருந்தாலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வாதாட ஒரு பொதுமொழி. தாமஸ் அக்வினாஸ் 13-ம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலைக் கையில் எடுத்ததும் கிட்டத்தட்ட இதற்காகத்தான்.

• • •

அடுத்த ரவுண்டு 1938. இந்த முறை களத்தில் இறங்கியவர்கள் வக்கீல்கள்.

உலக மிஷனரி மாநாடு அந்த வருஷம் சீனாவில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் சீனாமேல் படையெடுத்துவிட்டதால், இடம் மாறித் தாம்பரத்துக்கு வந்தது. கிறிஸ்தவக் கல்லூரி அங்கே குடிபெயர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. உலகம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 470 பிரதிநிதிகள். மாநாட்டுக்கென்றே ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் கனமான ஒரு புத்தகம் எழுதியிருந்தார். சாரம் இதுதான்: கிறிஸ்துவின் வெளிப்பாடு தனி, மற்ற மதங்களிலிருந்து அதற்குப் படிக்கட்டு கிடையாது.

சென்னைக்காரர்கள் சும்மா விடுவார்களா? மாநாட்டை ஒட்டியே இங்கிருந்து பதில் புத்தகம் ஒன்று வந்தது. இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி யோசிப்போம் என்ற பொருள்படும் தலைப்பு. எழுதியவர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் பி. செஞ்சையா, வக்கீல், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். இன்னொருவர் வெங்கல் சக்கரை. இவரும் வக்கீல். தொழிற்சங்க வட்டாரத்தில் சக்கரைச் செட்டியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1941-ல் சென்னை மேயர், 1950-களில் ஏ.ஐ.டி.யு.சி. தலைவர். ஏசுவை 'அவதாரம்' என்ற இந்தியச் சொல்லால் விளக்கி 1920-களிலேயே புத்தகம் எழுதியவர். இருவரும் மைத்துனர்கள்.

இந்த இரண்டு பேரும் போதகர்கள் கிடையாது. செமினரியில் படித்தவர்களும் இல்லை. பகலில் கோர்ட், மாலையில் கூட்டம், ராத்திரியில் இறையியல். இன்றைய பார்ட் டைம் மாணவர்களுக்கு முன்னோடிகள் என்றே சொல்லலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த பேரறிஞருக்கு, 'உங்கள் தத்துவம் உங்கள் ஊர்க் குளிருக்குத் தைத்த கோட்டு. எங்கள் வெயிலுக்கு ஆகாது' என்கிற தொனியில் பதில் கொடுத்தார்கள். கிரேமரோடு மோதிய இன்னொரு முக்கியமான ஆள் யார் தெரியுமா? நம்ம ஹாக்! ராதாகிருஷ்ணனின் அதே வாத்தியார். கிறிஸ்தவர் அல்லாதவரின் விசுவாசத்திலும் கடவுளோடு நிஜமான உறவு இருக்க முடியும் என்று வாதாடினார்.

இன்று உலகில் எங்கே மதங்களுக்கிடையிலான இறையியல் படித்தாலும் தாம்பரம் 1938 ஒரு பாடம். அதில் முன்வரிசையில் நின்றவர்கள் பட்டம் பெறாத இந்த இறையியலாளர்கள்.

ஆனால், இந்த வக்கீல்களின் உரையாடல் பெரும்பாலும் வேதாந்தத்தோடுதான் நடந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும் எண்ணிக்கையினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வாழ்க்கை எந்த இறையியலில் இருந்தது? அந்தக் கேள்வியை 1981-ல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் உரக்கக் கேட்டார். தலித் இறையியல் பிறந்தது. பிறகு அவர் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரிக்கு வந்து அதற்கென்றே ஒரு துறையைக் கட்டினார். மேஜையில் இடமில்லாதவர்கள் வந்து உட்காரும்போதெல்லாம் பாடத்திட்டமே மாறுகிறது, பாருங்கள்.

• • •

சரி, தபாலுக்கு வருவோம்.

1858-லேயே லண்டன் பல்கலைக்கழகம் ஒரு புரட்சி செய்தது. நீ எங்கே படித்தாய் என்று கேட்க மாட்டோம், பரீட்சை எழுதித் தேறினால் பட்டம் என்று அறிவித்தது. 'எக்ஸ்டர்னல்' என்ற சொல் அங்கிருந்துதான் உலகம் சுற்றியது. பின்னால் இறையியலுக்கான பி.டி.யும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

1963-ல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் செமினரிக்கு ஒரு சிக்கல். சபைகளை நிஜமாக நடத்திக்கொண்டிருந்தவர்கள் குடும்பம், வயல், வேலை உள்ளவர்கள். அவர்களால் செமினரிக்கு வந்து தங்க முடியாது. தங்கிப் படித்த இளைஞர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்புவதே இல்லை. என்ன செய்வது? 'அவர்கள் வர முடியாவிட்டால் நாம் போவோம்' என்று முடிவெடுத்தார்கள். வீட்டிலேயே படிக்கும்படி பாடப் புத்தகம். வாரத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊரில் ஆசிரியரோடு சந்திப்பு. இந்த முறை உலகெங்கும் பரவி, 1971-ல் பெங்களூரில் 'டாஃப்டி' என்ற அமைப்பாக இந்தியாவுக்கு வந்தது. ஆபீஸ் போகிறவர்கள் ராத்திரி மேஜை விளக்கில் பழைய ஏற்பாட்டு வரலாறு படிக்க ஆரம்பித்தார்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்கள் பக்கம், அஞ்சல்வழிக் கல்வியை 1962-ல் டெல்லி தொடங்கியது. சென்னை 1981-ல் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் சேப்பாக்கத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. சைவ சித்தாந்தம், வைணவம், சமணம், கிறிஸ்தவம் என்று ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்தில் தனி இடம் கிடைத்தது. 1857-ல் மதத்தை வாசலிலேயே நிறுத்திய அதே பல்கலைக்கழகம்! கிறிஸ்தவவியல் துறையில் பேராசிரியராக இருந்த ஃபெலிக்ஸ் வில்ஃபிரட், உலக அளவில் அறியப்பட்ட இறையியலாளர். 'கன்சீலியம்' என்ற சர்வதேச இறையியல் இதழுக்குத் தலைவராக உயர்ந்தவர். ஒரு கத்தோலிக்கக் குரு, அரசுப் பல்கலைக்கழகத்தில், எல்லா மதத்து மாணவர்களுக்கும் இறையியல் சொல்லிக்கொடுக்கிறார். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கே இது புதுமை. பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளின் பட்டியலிலும் கிறிஸ்தவ வேதமும் அதன் விளக்கமும் ஒரு பட்டப்படிப்பாக இடம்பிடித்தது.

இன்று இணையம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சில, இறையியல் முதுகலையை இணையம் வழியாகவே நடத்துகின்றன. அடையாறு ஃபிளாட்டின் பால்கனியில் உட்கார்ந்து ஸ்காட்லாந்துப் பேராசிரியருக்கு அசைன்மென்ட் அனுப்பலாம். ஹாக் அங்கிருந்து கப்பல் ஏறி வந்த தூரத்தை, இன்றைய மாணவரின் கட்டுரை ஒரு நொடியில் திருப்பிக் கடக்கிறது.

• • •

இப்போது அந்தக் கேள்வி: 'அப்புறம் எதுக்கு?'

நேர்மையாகச் சொன்னால், லௌகீக லாபம் குறைவு. பல்கலைக்கழகப் பட்டம் யாரையும் போதகராக்காது. அது சபையின் கையில் இருக்கிறது; அதற்கு அவர்களுடைய பயிற்சி தனி. தபாலில் படித்த இறையியல் எம்.ஏ.வைக் காட்டி வேலை கேட்டால், 'இதுக்கு எங்ககிட்ட என்ன வேலை இருக்கு?' என்பார்கள்.

அப்படியும் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குள்ளே ஏதோ ஒரு கேள்வி உறுத்துகிறது என்று அர்த்தம். தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷமாக ஞாயிறு பள்ளியில் யோபுவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார். நல்லவனுக்கு ஏன் இத்தனை கஷ்டம் என்று ஒரு குழந்தை கேட்கிறது. கதையில் உள்ள பதில் அவருக்கே போதவில்லை. பிரசங்கம் முடிந்து கையைத் தூக்கிக் கேள்வி கேட்கும் வழக்கம் கோயிலில் கிடையாது. அவர் எங்கே போவார்?

பெண்களுக்கு இந்தக் கதவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1880-களின் ஒரு உதாரணம் போதும். பண்டித ரமாபாய் 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். சமஸ்கிருதப் பண்டிதையாயிற்றே, சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? திரித்துவம் பைபிளில் எங்கே இருக்கிறது, சபை சொல்வதை நான் ஏன் அப்படியே ஏற்க வேண்டும் என்று கன்னியாஸ்திரி ஜெரால்டினோடு கடிதம் மேல் கடிதமாக வாதாடினார். அந்தம்மா திணறிப்போனார். ரமாபாய் பின்னர் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, முழு பைபிளையும் மராத்தியில் மொழிபெயர்த்து முடித்துவிட்டு 1922-ல் கண்ணை மூடினார். எந்தக் குருமடமும் அவரைச் சேர்த்துக்கொண்டிருக்காது. கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் பெண்கள் குருவாக முடியாது. தென்னிந்தியத் திருச்சபையிலேயே முதல் பெண் பிஷப்பாகப் புஷ்பலலிதா பொறுப்பேற்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதவிக்கு இத்தனை காலம் ஆகலாம். படிக்க ஏன் காத்திருக்க வேண்டும்?

தபால் படிப்பில் குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இறையியல் தனியாக உட்கார்ந்து உருப்போடுகிற சரக்கு அல்ல. ராதாகிருஷ்ணனுக்கு எதிரே ஒரு ஹாக் இருந்தார். செஞ்சையாவுக்குப் பக்கத்தில் சக்கரை இருந்தார். அகஸ்டினுக்குக்கூட, கோபித்துக்கொள்ள ஒரு ஜெரோம் இருந்தார். கூரியரில் வந்த கட்டு மேஜைமேல் இருக்கிறது; 'நீ சொல்றது தப்பு' என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நோட்ஸ் படித்து, முன்வருஷக் கேள்வித்தாள் பார்த்து, பாஸாகி, ஒரு சந்தேகம்கூட வராமல் வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தால், பட்டம் கிடைத்திருக்கும்; படிப்பு நடந்திருக்காது.

ஆனால், தென்சென்னையில் இருப்பவருக்கு இந்தச் சாக்குச் சொல்ல வழியில்லை. அடையாறில் 1886-ல் ஆல்காட் தொடங்கிய பிரம்மஞான சபை நூலகம். திருவான்மியூரில் இயேசு சபையின் தத்துவக் கல்விக்கூடமான சத்திய நிலையம். மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மடம், குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம். லஸ்ஸில் 1516-ம் வருஷக் கல்வெட்டோடு நிற்கும் போர்த்துகீசியர் கோயில். கூப்பிடு தூரத்தில் கபாலீசுவரர். பங்குனியில் அறுபத்துமூவர் வீதி உலா வரும்போது, பக்தி என்றால் என்ன என்று அகஸ்டினிடம் கேட்டதை நாயன்மார்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். சென்னையில் 'ஐக்கிய ஆலயம்' கண்ட இஞ்ஞாசி இருதயம் என்ற இயேசு சபைக் குரு, சைவ சித்தாந்தத்தோடு ஆயுள் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். பாடம் தூரத்திலிருந்து வரலாம். வாதாட ஆட்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

கடைசியாக, மயிலாப்பூருக்குச் சொந்தமான அந்தத் தோமாவைப் பற்றி ஒரு விஷயம். உயிர்த்த ஏசு முதல்முறை சீடர்களுக்குத் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. அதாவது, ஆப்சென்ட்! மற்றவர்கள் வந்து நடந்ததைச் சொன்னார்கள். நோட்ஸ் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு நாள் கழித்து அவரும் இருக்கும்போது ஏசு மறுபடி வந்து, 'உன் விரலை இங்கே வை' என்றார் என்கிறது யோவான் நற்செய்தி. வகுப்புக்கு வராததற்காக அவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. சந்தேகப்பட்டதற்காக மார்க் குறைக்கவும் இல்லை. கேட்ட கேள்விக்காக இன்னொரு வகுப்பு நடந்தது.